அந்தப் பெனல்டி பிழைதான், ஆனால் கொஞ்சம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், எங்கள் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கிடையில் நடந்த உதைபந்தாட்ட இறுதிப் போட்டியைப் பற்றி எழுதியிருந்தார். மத்தியஸ்தருக்குக் கண் தெரியவில்லை, அல்லது கண்ணை மூடிக்கொள்ள யாரோ ஏதோ கொடுத்திருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. அந்த மத்தியஸ்தர் நான்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 54ஆவது நிமிடத்தில் நான் கொடுத்த பெனல்டி பிழை. அன்று இரவே ஒரு பையனின் போனில் அதைப் பார்த்துவிட்டேன். தடுத்த பையனின் கால் பந்தில்தான் பட்டது. விழுந்த பையனை யாரும் தட்டிவிடவில்லை. மாட்டுக் குளம்பு பதிந்த ஒரு பள்ளத்தில் அவனே கால் இடறி விழுந்தான். 1-1 என்று இருந்த ஆட்டம் 2-1 ஆகி, கிண்ணம் கைமாறிப் போனது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

கண்ணைப் பற்றிச் சொல்வதென்றால், போன மாதம்தான் சோதித்துப் பார்த்தேன். பேப்பர் வாசிக்க மட்டும்தான் கண்ணாடி வேண்டும், தூரத்துப் பார்வையில் குறை இல்லை. கொடுத்ததைப் பற்றிச் சொல்வதென்றால், எனக்குக் கிடைத்தது இரண்டு மாரி பிஸ்கட்டும் ஒரு பிளேன்டீயும். அதிலும் சீனி பற்றவில்லை.

பிழை கண்ணில் இல்லை, காலில். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், நீங்கள் வெட்டினாலும் பரவாயில்லை.

எனக்கு 49 வயது. மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெக்டரியில் உதவி டீமேக்கராக இருக்கிறேன். மைதானத்தில் விசில் ஊத ஆரம்பித்து 22 வருஷம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின இரவு எனக்கு ஷிஃப்ட். கொழுந்து வாட்டும் மாடிக்கு மணிக்கு ஒரு தடவை ஏற வேண்டும். தட்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்க்க வேண்டும். கையைத் திறந்ததும் உருண்டை விரியாமல் அப்படியே இருந்தால் பதம். விரிந்துகொண்டால் இன்னும் காற்று விட வேண்டும். விடியற்காலை 3 மணிக்கு ரோலர் ஓட ஆரம்பித்தது. 6 மணிக்கு வீட்டுக்கு வந்து, இரண்டு ரொட்டியைக் கட்டைச் சம்பலோடு சாப்பிட்டு, ஒரு மணி நேரம் சாய்ந்திருந்துவிட்டு, 8 மணிக்கு மைதானத்தில் நின்றேன்.

எட்டு அணிகள், ஒரே நாளில் முடிக்க வேண்டிய சுற்றுப்போட்டி. அப்படியென்றால் ஏழு ஆட்டம். மூன்று மத்தியஸ்தர்கள் வருவதாகப் பேச்சு. ஒருவருக்குத் திடீரென்று மரண வீடு. இன்னொரு நண்பர் இரண்டு ஆட்டம் ஊதினார், அதற்குள் அவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. மிச்சம் ஐந்தும் என் தலையில். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அதுவும் என் பிழைதான். ஆனால் மூன்று மாதமாக அந்தி நேரத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பந்தடித்துப் பழகிவிட்டு, சந்தா போட்டு ஜேர்சி தைத்துக்கொண்டு வந்த பையன்கள் கோட்டுக்கு வெளியில் நின்று வாயைப் பார்க்கும்போது, "எனக்குக் கால் வலிக்குது" என்று எப்படிச் சொல்வது?

கொழும்பில் வேலை செய்யும் என் தங்கச்சி மகன் அன்றைக்கு ஊருக்கு வந்திருந்தான். "மாமா, இதைக் கட்டிக்கிட்டு ஓடிப் பாருங்க" என்று அவனுடைய கைக்கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டான். ஓடின தூரத்தையும் நெஞ்சுத் துடிப்பையும் காட்டுகிற கடிகாரம். அவனுக்கு விளையாட்டு, எனக்கு அது சாட்சியாகிப் போனது. முதல் நான்கு ஆட்டமும் தலா 40 நிமிடம். முதல் ஆட்டத்தில் நான் ஓடியது 4.8 கிலோமீற்றர். அடுத்ததில் 4.5. மூன்றாவதில் 4.1. அரையிறுதியில் 3.6. கடைசி ஆட்டம் 60 நிமிடம், அதில் 4.4. முதல் ஆட்டத்தின் வேகம் காலில் இருந்திருந்தால் இறுதிப் போட்டியில் 7.2 கிலோமீற்றர் ஓடியிருக்க வேண்டும். கிட்டத்தட்ட 3 கிலோமீற்றர் குறைவு. அந்த 3 கிலோமீற்றருக்குள்தான் உங்கள் வாசகர் கேட்கிற பெனல்டி இருக்கிறது.

ஐந்தையும் கூட்டினால் 21.4. அரை மரதன் 21.1 கிலோமீற்றர். இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வந்த 49 வயது மனிதன் அரை மரதன் ஓடி முடித்த கையோடு, ஒரு பையனின் கால் பந்தில் பட்டதா கணுக்காலில் பட்டதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

ஓடுவது என்றால் நேராக ஓடுவதும் இல்லை. பந்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக ஓட வேண்டும், பக்கவாட்டில் நழுவ வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், நின்ற இடத்திலிருந்து மறுபடி பாய வேண்டும். பெரிய ஆட்டங்களில் நடுவில் நிற்கும் மத்தியஸ்தர் 90 நிமிடத்தில் 10 முதல் 12 கிலோமீற்றர் ஓடுகிறார். ஒரு நடுக்கள ஆட்டக்காரன் ஓடும் அளவு அது. ஆட்டக்காரன் களைத்தால் வெளியே எடுத்து வேறொருவனைப் போடுவார்கள். எங்களை யார் மாற்றுவது? ஆட்டக்காரர்கள் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். விசில் ஊதுகிறவன் அவர்களுடைய அப்பாவின் வயது.

இதற்கு என்று உலகம் முழுக்க ஒரு சோதனை இருக்கிறது. முந்திய காலத்தில் 12 நிமிட ஓட்டம். கூப்பர் என்ற அமெரிக்க விமானப்படை வைத்தியர் 1968இல் கொண்டுவந்தது. 12 நிமிடத்தில் 2,700 மீற்றராவது ஓட வேண்டும் என்பது மத்தியஸ்தர்களுக்கு வைத்த அளவு. இப்போது வேறு மாதிரி. சர்வதேச மத்தியஸ்தர் என்றால் 40 மீற்றரை 6 செக்கனுக்குள் ஆறு தடவை ஓட வேண்டும். அது முடிந்து சில நிமிடத்தில் அடுத்தது: 75 மீற்றர் 15 செக்கனில் ஓட்டம், 25 மீற்றர் 18 செக்கனில் நடை. இப்படி 40 தடவை, மொத்தம் 4 கிலோமீற்றர். விசில் சத்தத்துக்கு முன்னால் கோட்டுக்கு வந்து சேர வேண்டும். பிந்தினால் ஒரு எச்சரிக்கை, இரண்டாவது தடவை பிந்தினால் வீட்டுக்கு.

எங்கள் மாதிரிக் கீழ்மட்டத்து ஆட்களுக்கு நடைக்கு இன்னும் சில செக்கன் கூடத் தருவார்கள். 2018இல் நான் கொழும்புக்குப் போய் அந்தச் சோதனைக்கு நின்றேன். அப்போது வயது 42. மலையில் பிறந்து வளர்ந்தவன், நெஞ்சு உரமானது என்று எனக்குள் ஒரு நினைப்பு. 33ஆவது ஓட்டத்தில் எச்சரிக்கை, 35இல் வெளியே. மூச்சு இருந்தது, வெக்கைதான் அடித்துப் போட்டுவிட்டது. ஹட்டன் குளிருக்குப் பழகின உடம்பு, கொழும்பின் பத்து மணி வெயிலில் வியர்த்துக் கொட்டிக் கால் இரண்டும் முறுக்கிக்கொண்டது. உடம்பு வெக்கைக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் வேண்டும் என்பதை அப்புறம்தான் ஒருவர் சொன்னார். நான் போனது முந்தின நாள் இரவு ரயிலில்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. கீழ்நாட்டு அணிகள் நுவரெலியாவுக்கு வந்து பத்தாவது நிமிடத்தில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒக்சிசன் குறைவு. பையன்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள், பந்தைப் பின்னால் தட்டிவிட்டு மூச்சு வாங்குவார்கள். மத்தியஸ்தர் பந்து எங்கே போனாலும் அங்கே போயாக வேண்டும்.

சரி, எங்கள் மைதானத்துக்கு வருகிறேன். நோர்வூட்டில் 2017இல் இந்தியப் பிரதமர் வந்து பேசினாரே, அது மாதிரிப் பெரிய மைதானத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஹட்டன் டன்பார் மாதிரியும் இல்லை. மலையை ஒரு பக்கம் வெட்டி, வெட்டின மண்ணை மறுபக்கம் கொட்டி உண்டாக்கின தட்டு. ஒரு பக்கக் கோட்டுக்கு வெளியே தேயிலைச் செடி. மறுபக்கக் கோட்டுக்கு வெளியே சரிவு, அதற்குக் கீழே ஆறு. பந்து அந்தப் பக்கம் போனால் ஒரு சின்னப் பையன் இறங்கி எடுத்துக்கொண்டு வரும் வரை ஆட்டம் நிற்கும். எனக்கு மூச்சு வாங்கக் கிடைத்ததெல்லாம் அந்த ஆற்றுப் புண்ணியத்தில்தான். மைதானமே ஒரு பக்கம் சாய்ந்தது. ஊரில் மேல் கோல், கீழ் கோல் என்றுதான் சொல்வோம். கீழ் கோலில் இருந்து தூக்கி அடித்த பந்தைத் துரத்துவது என்றால் மலை ஏறுவதுதான்.

மத்தியஸ்தர் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக ஓட வேண்டும், மற்ற இரண்டு பக்கத்தையும் கோட்டில் நிற்கும் லைன்மேன்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பின்னாளில் ஃபீஃபா தலைவராக இருந்த ஸ்டான்லி ரௌஸ் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை அது. ஒரு மனிதனால் எல்லா இடத்திலும் இருக்க முடியாது என்று தெரிந்துதான் அப்படி வைத்தார். எங்கள் தோட்டத்துச் சுற்றுப்போட்டிகளில் லைன்மேன் யார்? ஒரு பக்கம் ஒரு அணியின் பதினைந்தாவது ஆட்டக்காரன், மறுபக்கம் மற்ற அணிக்காரனின் மச்சான். கொடி தூக்குவது அவரவர் மனசாட்சி. பின்னேரம் மிஸ்ட் இறங்கிவிட்டால் கொடியே தெரியாது. ஆகவே ஓப்சைட்டையும் நானே பார்க்க வேண்டும், கோல் கோட்டையும் நானே பார்க்க வேண்டும். சாய்வாக ஓடச் சொன்ன மனிதர் இங்கே வந்து பார்த்தால் என்னை மன்னித்துவிடுவார்.

விசிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னிடம் முதலில் இருந்தது உள்ளே ஒரு சின்ன உருண்டை ஓடும் பழைய மாதிரி விசில். குளிரிலும் ஈரத்திலும் அந்த உருண்டை ஒட்டிக்கொள்ளும். ஊதினால் வெறும் காற்று வரும். பையன்கள் விளையாடிக்கொண்டே இருப்பார்கள், நான் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடுவேன். கனடாவில் ரொன் பொக்ஸ்கிராஃப்ட் என்ற கூடைப்பந்தாட்ட மத்தியஸ்தருக்கும் இதே கதை நடந்து, அவர் உருண்டையே இல்லாத பொக்ஸ் 40 விசிலை 1987இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இப்போது என்னிடம் இருப்பது அதுதான். சத்தம் பிரமாதம். ஐந்து ஆட்டம் ஊதினால் இரவு படுத்த பிறகும் வலது காதுக்குள் சில்வண்டு கத்துகிறது. அதற்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

அரையிறுதி பிற்பகல் 2.40க்கு முடிந்தது. இறுதிப் போட்டியை 3 மணிக்குத் தொடங்கியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காதோ என்னவோ. பிரதம அதிதி வரவில்லை. வருகிறார், வந்துகொண்டிருக்கிறார், பாலத்தைத் தாண்டிவிட்டார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மழை தூறியது. உடுப்பு மாற்ற இடம் கிடையாது. கூடாரத்துக்குள் கதிரைகள் எல்லாம் பூப்போட்ட துணி விரித்துப் பெரியவர்களுக்கு. நான் ஸ்பீக்கர் பெட்டி ஏற்றிவந்த லொறியின் கீழே குந்தியிருந்தேன். அங்கேதான் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தேன். மேஸ் காலுறையின் ஓரமெல்லாம் சிவப்பு. இடது கணுக்காலில் இரண்டு அட்டை, வலதில் ஒன்று, குடித்து உருண்டு கொழுத்துக் கிடந்தன. தேயிலை ஓரம் நின்று த்ரோ பார்த்ததற்குக் கூலி. காலையில் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டுதான் போயிருந்தேன், மூன்று ஆட்டத்தின் மழையில் அது கரைந்துவிட்டது. உப்புக் கேட்டேன், ஒரு அம்மா சோத்துப் பார்சலோடு கொண்டுவந்த உப்பைத் தந்தார்.

பிரதம அதிதி 4.20க்கு வந்தார். மாலை, பொன்னாடை, மங்கள விளக்கு. அப்புறம் உரை. விளையாட்டு இளைஞர்களைப் போதையிலிருந்து காப்பாற்றும் என்று சொன்னார், நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஈரத்தில் உட்கார்ந்த கால் என்ன ஆகும் என்று ஓடினவர்களுக்குத் தெரியும். எழுந்தபோது பின்னங்கால் சதை கல்லாக இருந்தது. சித்தாலேப வலித்தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, முழங்காலை நாலு தடவை மடக்கி நீட்டிவிட்டு, 4.50க்கு விசில் ஊதினேன். மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அந்த 54ஆவது நிமிடம். மேல் கோலுக்குப் பக்கத்தில் ஒரு கோர்னர் அடித்து முடிந்து, கோல்காப்பாளர் பந்தைப் பிடித்து உடனே நீளமாக உதைத்தார். நான் மேல் பக்கத்தில். பந்து என் தலைக்கு மேலால் கீழ் கோலுக்குப் போகிறது. திரும்பினேன், ஓடினேன். ஓடினேன் என்று நான் சொல்கிறேன், கடிகாரம் அப்படிச் சொல்லவில்லை. அப்போது நெஞ்சுத் துடிப்பு நிமிடத்துக்கு 166. என் வயதுக்கு உச்சம் ஏறக்குறைய 171 என்று 220இலிருந்து வயதைக் கழித்து ஒரு பொதுக் கணக்குச் சொல்வார்கள். அதாவது என்ஜின் முழு வேகத்தில் ஓடுகிறது, வண்டி நகரவில்லை.

பழைய மத்தியஸ்தர் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், மோதல் நடக்கப்போகிற கணத்துக்கு முன்னால் நின்றுவிடு என்பது. ஓடிக்கொண்டே பார்த்தால் தலை குலுங்கும், தலையோடு கண்ணும் குலுங்கும். நின்று பார்த்தால்தான் கால் எங்கே பட்டது என்பது தெரியும். நிற்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 15 மீற்றருக்குள், பக்கவாட்டிலிருந்து பார்க்கும் இடத்துக்கு. நான் நடு வட்டத்தைக்கூட முழுசாகத் தாண்டவில்லை. பந்துக்கும் எனக்கும் இடையில் 40 மீற்றர், இரண்டு முதுகுகள், மிஸ்ட். ஒருவன் விழுவதைப் பார்த்தேன். இன்னொருவனின் கால் நீண்டிருப்பதைப் பார்த்தேன். நடுவில் நடந்ததை என் மூளை தானே இட்டு நிரப்பிக்கொண்டது. விசில் வாயில் இருந்தது, ஊதிவிட்டேன். ஊதிய அடுத்த நொடியே வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. ஆனால் அப்போது பெனல்டி காட்டின கையை எடுத்துவிட்டால் மைதானமே என் மேல் ஏறிவிடும் என்று பயம். அந்தப் பயமும் களைப்பின் பிள்ளைதான்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் வாசகர் எழுதவில்லை. தண்ணீர்ப் போத்தல் ஒன்று தோளில் பட்டது. என் அம்மா 2009இல் காலமாகிவிட்டார். அன்றைக்கு மைதானத்தில் அவரை எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று எண்ணி முடியாது.

கத்தியவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. நானும் கத்தினவன். 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்த ஒரே டீவி முன்னால் முப்பது பேர். நம்ம கண்டியில் பிறந்த முரளிதரன் பந்தை எறிகிறார் என்று அவுஸ்திரேலிய நடுவர் டெரல் ஹெயார் ஏழு தடவை நோபோல் சொன்னார். எனக்கு வயது 19. அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நடுவர் என்றாலே எதிரி என்ற எண்ணம் மலையகத்தில் அன்றைக்கு ஒரு சுற்றுக் கூடியது. அப்புறம் விஞ்ஞானிகள் கமெரா வைத்து அளந்து பார்த்து, முழங்கை சில பாகை நிமிர்வதை வெறும் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது என்று கண்டு, 15 பாகை வரை போகலாம் என்று விதியை மாற்றினார்கள். முரளி 800 விக்கெட் எடுத்தார், நாங்கள் பட்டாசு கொளுத்தினோம். ஹெயார் செய்தது சரி என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் விசிலைக் கையில் எடுத்த பிறகு, மனிதக் கண்ணுக்கு ஒரு எல்லை இருக்கிறது என்பதை அந்த 15 பாகையை வைத்துத்தான் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

நம்ம குமார் தர்மசேனவை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 உலகக் கிண்ண இறுதியில் விளையாடினார், 2015 இறுதியில் நடுவராக நின்றார். இரண்டையும் செய்த முதல் ஆள் அவர்தான். 2019 லோர்ட்ஸ் இறுதியில் ஓவர்த்ரோவுக்கு 5 ஓட்டம் கொடுக்க வேண்டிய இடத்தில் 6 கொடுத்தார். ரீப்ளேயைப் பார்த்தபோது பிழை தெரிகிறது, ஆனால் மைதானத்தில் எங்களுக்கு ரீப்ளே இல்லை என்று பிறகு சொன்னார். அவரைச் சுற்றி மூன்றாம் நடுவர், காதில் கருவி, எத்தனையோ கமெரா. எனக்கு ஒரு பையனின் போன், அதுவும் ஆட்டம் முடிந்து மூன்று மணி நேரம் கழித்து.

உதைபந்தாட்டம் மட்டும் இல்லை. 1991இல் தேசிய விளையாட்டு ஆக்கின கரப்பந்தாட்டத்தைப் பாருங்கள். 2.43 மீற்றர் வலைக்கு மேலே கண் இருக்கிற மாதிரி ஒரு ஏணிமேடையில் முதல் மத்தியஸ்தர் நிற்கிறார். ஓட வேண்டியதில்லையே என்று கேட்பீர்கள். என் நண்பர் ஒருவர் அந்த மேடையில் ஐந்து செட் நின்றுவிட்டு இறங்கும்போது இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் அந்த மேடை இரண்டு தேயிலைப் பெட்டியும் ஒரு பலகையும்.

வலைப்பந்தாட்டத்துக்கு வரும் ஒரு ஆசிரியையைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்கே பொறுக்காது. வலைப்பந்தில் 15 நிமிடமாக நான்கு பகுதி, நடுவர் பக்கக்கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் அவர் நின்றபடியே கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார். ஜீவனி உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் கொடுத்துத் தெளிந்த பிறகு, "ரீச்சர், தண்ணி குடிக்காம ஏன் இருக்கீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "குடிச்சா எங்க போறது சேர்? இங்க ஒரு கக்கூஸ் இருக்கா?" காலை 6 மணிக்கு வீட்டில் குடித்த தேத்தண்ணிதான் அவருக்குப் பின்னேரம் வரைக்கும். 22 வருஷமாக அதே மைதானத்தில் நிற்கிறேன், நானாக அதை யோசித்ததில்லை. நமக்குத்தான் தேயிலைச் செடி இருக்கிறதே.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிப் புலம்பினால் அங்கே அனுதாபம் கிடைக்காது. என் மனைவி கொழுந்து பறிக்கிறவர். நிறை கொழுந்தைத் தலையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, வழுக்குகிற கல்லில் மலை ஏறி இறங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை இரவு என் காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "இருபத்தியொரு கிலோமீற்றர் ஓடி எத்தனை கிலோ பறிச்சீங்க?" பதில் இல்லை. ஒன்று மட்டும் சொன்னேன், உன் கொழுந்தை நிறுக்கிறவன் இரவு முழுக்கத் தூங்காமல் வந்திருந்தால் உனக்கு எத்தனை கிலோ குறையும் என்று. அதற்கு அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அவரே என் சப்பாத்தைக் கழுவி அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்திருந்தார்.

தோற்ற அணியின் கப்டன் எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்துப் பையன். சின்ன வயதில் அவனுக்குப் பந்து வாங்கிக் கொடுத்ததே நான்தான். புதன்கிழமை பெக்டரி வாசலில் அவனை நிறுத்தி, "அது பெனல்டி இல்லடா தம்பி, என் பிழை" என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தெரியும் மாமா. நான் திரும்பிப் பாக்கறப்ப நீங்க பக்கத்துலயே இல்லையே. நடுவுலதானே நின்னீங்க" என்றான். திட்டியிருந்தால் பரவாயில்லை. உங்கள் வாசகர் எழுதின கடிதத்தைவிட அந்த வார்த்தைதான் எனக்கு நன்றாகக் குத்தியது, ஏனென்றால் அவன் சொன்னதுதான் உண்மை.

சுற்றுப்போட்டி நடத்துகிறவர்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மூன்று பேர் வருவார்கள் என்றால் நான்கு பேரைக் கூப்பிடுங்கள், ஒருவருக்கு எப்படியும் மரண வீடு வரும். லைன்மேன்கள் இரண்டு பேரும் விளையாடாத மூன்றாவது தோட்டத்துக்காரர்களாக இருக்கட்டும். பிரதம அதிதி பிந்தினால் ஆட்டத்தைத் தொடங்கிவிடுங்கள், அவர் வந்ததும் இடைவேளையில் பேசட்டும், இடைவேளைக்கு 15 நிமிடம் வரை விதியிலேயே இடம் இருக்கிறது. நாலு தகரம் அடித்து ஒரு கழிப்பறை, முதலில் அதைச் செய்யுங்கள். ஸ்பீக்கருக்குச் செலவழிக்கிற காசில் பாதி போதும். இரண்டு வாழைப்பழமும் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரும் கொடுத்தால் நாங்கள் யாருடைய கையையும் எதிர்பார்க்க மாட்டோம்.

நாங்களும் செய்ய வேண்டியது இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்துவிட்டு ஏழாவது நாள் ஓட வரும் மத்தியஸ்தர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவனாக இருந்த காலம் உண்டு. இப்போது ஷிஃப்ட் இல்லாத காலையில் பெக்டரியிலிருந்து மேல் டிவிசன் வரைக்கும் வேகமாக ஏறி இறங்குகிறேன். வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்துப் பார்த்தேன், நெஞ்சில் குறை இல்லை, வலது முழங்கால்தான் தேய்ந்திருக்கிறது என்றார்கள். டொக்டர் என் முகத்தையும் கார்ட்டில் இருந்த வயதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை வருஷத்துக்கு?" என்று கேட்டார். ஃபீஃபாவே முன்பு 45 வயதோடு போதும் என்று வைத்திருந்தது. ஐம்பதோடு நிறுத்தலாம் என்று சொன்னேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு தோட்டத்தில் சுற்றுப்போட்டி. நேற்று போன் வந்தது. இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஊத மாட்டேன், இப்போதே வேறு ஆட்களைப் பாருங்கள் என்றேன். "சரி சேர், நீங்க வாங்க, அங்க பாத்துக்கலாம்" என்றார்கள். அந்தப் "பாத்துக்கலாம்" எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைப் போனில் சொன்னதோடு விடாமல் உங்கள் பத்திரிகைக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உதைபந்தாட்ட மத்தியஸ்தர்,
டிக்கோயா.

(பெயரைப் போட வேண்டாம். ஊர்க்காரர்களுக்கு எப்படியும் தெரியும்.)